இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு வெளிக்காற்று மிஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் இருந்து சாயல்குடி வரைக்கும் ஏசி, எக்ஸாஸ்ட், காற்றுக்குழாய் வேலை பார்க்கிறேன், பதினாறு வருடமாகிறது. கரண்ட் பில் குறையட்டும் என்று ஏஏசி பிளாக்கில் சுவர், ரப்பர் வைத்த யூபிவிசி ஜன்னல், மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் என்று கட்டுகிறவர்கள் இப்போது அதிகம். நல்ல விஷயம்தான். ஆனால் குடிபோன மூன்றாவது மாதம் அவர்களிடம் இருந்து போன் வரும்: "ராத்திரி மூச்சு முட்டுது", "பீரோவுல பூஞ்சை", "காலையில தலை கனமா இருக்கு". மூடிய வீட்டுக்குள் வெளிக்காற்றைக் கொண்டுவரும் ஃபேன், பெட்டி இவற்றைத்தான் வெளிக்காற்று மிஷின் என்கிறேன். அதைப் பற்றி அந்தப் போன்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

காத்துக்கு நடுவுலதான் குடியிருக்கோம். காத்துக்கு எதுக்குத் தம்பி மிஷினு?

மண்டபத்தில் ஒரு அக்கா இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஜன்னல் திறந்து கிடக்கிற வீட்டுக்கு மிஷின் வேண்டாம். ஓலை வீட்டுக்கும் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டுக்கும் வேண்டவே வேண்டாம். அங்கே காற்று கேட்காமலேயே வந்து போகும்.

மிஷின் பேச்சு எழுவது வீட்டை மூடி வைக்கும் மணி நேரத்துக்கு மட்டும்தான். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கதவைச் சாத்தி ஏசி போடுறீங்க?" ஒரு அறை, எட்டு மணி நேரம் என்றால் ஒரு பதில். மூன்று அறை, பகலும் இரவும் என்றால் வேறு பதில். இதைக் கேட்காமல் யாராவது கொட்டேஷன் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை இழுத்து உள்ளே விடாதா?

விடாது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் போவது இரண்டு செம்புக்குழாய், ஒயர், தண்ணீர் வடியும் ஒரு குழாய். அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம். இரண்டு பேர் தூங்குகிறார்கள். அவர்கள் விடும் மூச்சில் மணிக்கு 25 லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு வரும். துளி இடுக்கில்லாத அறை என்றால் மணிக்கு 700 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) வீதம் ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் சொச்சம். கதவிடுக்கில் கொஞ்சம் கசிவதால் கணக்குப்படி அப்படியே ஏறாது. ஆனாலும் புது யூபிவிசி ஜன்னல் போட்ட அறைகளில் விடியற்காலை என் மீட்டர் 2000-க்கு மேல் காட்டியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பழைய மரஜன்னல் வீட்டில் இந்தத் தொல்லை வந்ததில்லை. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையும்.

எவ்வளவு வெளிக்காற்று போதும்?

ஆஷ்ரே 62.2 என்ற அமெரிக்க அளவுகோலைத்தான் இந்தத் தொழிலில் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். கணக்கு எளிது. சதுர அடியை 0.03-ஆல் பெருக்குங்கள். படுக்கையறை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி 7.5-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி. 1000 சதுர அடி, இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 30-ம் 22.5-ம் சேர்த்து 52.5. ஒரே ஒரு படுக்கையறையில் இரண்டு பேர் என்றால் 30 சிஎஃப்எம் வைத்தால் மீட்டர் 1000-க்குள் நிற்கும்.

250 சிஎஃப்எம் மிஷினைத் தலையில் கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த ஊரில் அளவுக்கு மேல் வெளிக்காற்று என்பது வரம் இல்லை. அடுத்த பதிலைப் படித்தால் தெரியும்.

அப்படியென்றால் ஜன்னலை ஒரு அங்குலம் திறந்து வைத்துவிட்டு ஏசி போடலாமே?

போடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு அங்குலத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

மே மாதச் சாயங்காலம், 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்றில் ஒரு கிலோவுக்கு 22, 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 26 டிகிரியில் ஏசி ஓடும் அறைக்குள் 11, 12 கிராம்தான். நிமிடத்துக்கு 30 கன அடி வெளிக்காற்று உள்ளே வந்தால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடவே வருகிறது. எட்டு மணி நேரத்தில் ஐந்து லிட்டர். ஒரு சின்னக் குடம் தண்ணீரை ராத்திரி முழுக்க அறைக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள், ஏசி அதை இறைத்துக்கொண்டிருக்கிறது.

நம் கரையில் ஏசியின் கஷ்டம் சூட்டால் மட்டும் வருவதில்லை. வெளிக்காற்றைக் குளிரவைக்க ஆகும் வேலையை ஐந்து பங்காக்கினால் நான்கு பங்கு அதில் இருக்கும் ஈரத்தை எடுப்பதற்கே போகிறது. மிஷின் தேர்வு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

ஜன்னலில் இன்னொரு சிக்கல், அளவு நம் கையில் இல்லை. தென்மேற்குக் காற்றான கச்சான் வேகமெடுக்கும் ஆனி ஆடியில் ஒரு அங்குல இடுக்கில் வருவதும், இலை அசையாத பங்குனி இரவில் வருவதும் ஒன்றா?

ஹெச்ஆர்வி, ஈஆர்வி என்று இரண்டு சொல்கிறார்கள். எது?

இரண்டும் ஒரு பெட்டி. வெளியே போகும் காற்றும் உள்ளே வரும் காற்றும் கலக்காமல், மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் உரசிப் போகும். ஹெச்ஆர்வியில் தகடு வழியாகச் சூடு மட்டும் கைமாறும். ஈஆர்வியில் தகடுக்குப் பதில் ஈரத்தையும் கடத்தும் சவ்வு இருக்கும். உள்ளே வரும் காற்றில் அறைக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் ஈரத்தில் பாதியளவை வெளியே போகும் காற்றோடு திருப்பி அனுப்பிவிடும்.

ஹெச்ஆர்வி பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் வீட்டுச் சூட்டைக் காப்பாற்றச் செய்தது. நமக்கு இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஐந்து பங்கில் ஒரு பங்கை மட்டும் பிடிக்கிற மிஷினை இங்கே வாங்குவதில் அர்த்தமில்லை. சுவரில் ஒற்றைத் துளை போட்டு, ஒரு நிமிடம் உள்ளே ஒரு நிமிடம் வெளியே என்று மாறி மாறி ஊதும் செராமிக் உருளை வகையும் சூட்டுக்காகச் செய்ததுதான். விளம்பரத்தில் "தொண்ணூறு சதவீத ரெக்கவரி" என்று இருந்தால் எதை ரெக்கவரி செய்கிறது என்று கேளுங்கள். ஈரத்துக்கான சதவீதம் தனியாக அச்சில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஈஆர்வி தானாக ஈரத்தை உறிஞ்சி வைக்காது. உள்ளே ஏசி ஓடி, காற்று காய்ந்திருந்தால்தான் பரிமாற்றம். ஏசி இல்லாத வீட்டில் ஈஆர்வி வெறும் ஃபேன்.

ஈஆர்வி போட்டால் கரண்ட் எவ்வளவு மிச்சம்?

விற்பவர்களுக்கு என் பதில் பிடிக்காது. ஒரு படுக்கையறை, 30 சிஎஃப்எம், எட்டு மணி நேரம் என்று வைத்தால், அந்த வெளிக்காற்றைக் காயவைத்துக் குளிரவைக்க ஏசிக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். ஈஆர்வி அதில் பாதியை மிச்சப்படுத்தினால் அரை யூனிட் சொச்சம். அதன் ஃபேன்களே அதில் பாதியைத் தின்றுவிடும். மிச்சம் பிடித்துப் போட்ட காசை எடுக்கப் பேரன் காலம் ஆகும்.

மூன்று அறை, 90 சிஎஃப்எம், பத்து மணி நேரம் என்றால் கதை மாறும். செலவு நான்கரை யூனிட் அளவுக்குப் போகும். ஃபேன் கரண்ட் கழித்து நாளுக்கு ஒன்றரை யூனிட் போல மிச்சம் பார்க்கலாம். இரண்டு மாத பில்லில் 90 யூனிட்.

சரி, கடைசியில் எதை வாங்கச் சொல்கிறீர்கள்?

ஒரு அறை மட்டும் ஏசி என்றால் ஃபில்டர் வைத்து, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் சின்ன சப்ளை ஃபேன் ஒன்று போதும். நான்கு அங்குல பிவிசி குழாய், வெளியில் ஒரு மூக்கு, உள்ளே ஃபில்டர் பெட்டி, சத்தமில்லாத ஃபேன். 30 சிஎஃப்எம் நான்கு அங்குலக் குழாயில் போவது காதில் விழாது. காற்று வெளியேறக் கதவடி இடுக்கு போதும். கூடவே ஏசி அறைக்குத் தக்க அளவில் இருக்க வேண்டும். 120 சதுர அடி அறையில் ஒன்றரை டன் மாட்டினால் பத்து நிமிடத்தில் குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரமே கிடைக்காது. படுக்கை விரிப்பு சில்லென்று பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் தெரியாமல் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள்.

இரண்டு மூன்று அறை, நீண்ட நேரம், வயதானவர்கள் அல்லது ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஈஆர்வி. 90 சிஎஃப்எம்முக்கு ஆறு அங்குல மெயின் குழாய் வேண்டும். அதை ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும், பின்னால் இல்லை.

அறையே மூடாத வீடு, ஃபேன் காற்றில் தூங்குகிறவர்கள் என்றால் அந்தப் பணத்தை ஜன்னலில் போடுங்கள். ஒன்றிய மின்சக்தி அமைச்சகம் 2018-இல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதியில், வெப்பமும் ஈரமும் உள்ள நம் மாதிரிப் பகுதிக்குத் தளப் பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கிற பரப்பாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும், அதனால் கணக்கிலும் பாதிதான். கீல் வைத்த கதவு ஜன்னல் இந்த ஊருக்கு எப்போதும் மேல். ஆனால் அதன் கொக்கி நல்லதாக இருக்க வேண்டும், கச்சான் பிடுங்கிவிடும்.

பாத்ரூம் எக்ஸாஸ்டை நாள் முழுக்க ஓடவிட்டால் வெளிக்காற்று தானாக வராதா?

வரும். எந்த வழியாக வரும் என்பதில்தான் வினை. இதில் நானே அடிபட்டிருக்கிறேன்.

கீழக்கரைப் பக்கம் ஒரு வீட்டில், செலவு குறையட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்து, இரவு முழுக்க ஓடும்படி விட்டேன். ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, வீடு இடுக்கு இடுக்காக வெளிக்காற்றை உறிஞ்சியது: சுவிட்ச் பாக்ஸ், ஜன்னல் சட்டத்தின் ஓரம், ஏசி குழாய்க்குப் போட்ட துளை. 32 டிகிரி, 75 சதவீத ஈரக் காற்று 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் வியர்க்கும். காலையில் ஏசி அறைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நிற்குமே, அதே சங்கதி. இங்கே அது வெளிச்சுவரை ஒட்டி நின்ற மர பீரோவின் முதுகில் நடந்தது. நான்காம் மாதம் பீரோவை நகர்த்தினோம். பின்பலகை முழுக்கச் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சை, கைவைத்தால் வெல்வெட் மாதிரி. உள்ளே கல்யாணப் பட்டு. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை; சொல்லியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து ஏசி வீட்டில் உள்ளே தள்ளுவது வெளியே இழுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்படிதான் வைக்கிறேன். வீடு மெல்ல மூச்சு விடட்டும், இழுக்க வேண்டாம். பாத்ரூம் எக்ஸாஸ்ட் குளித்து முடித்து இருபது நிமிடம் ஓடி நின்றால் போதும்.

உப்புக்காற்றில் இந்த மிஷின் எத்தனை வருடம் தாங்கும்?

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே தின்ற காற்று இது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டு, 2025-இல் புதுப் பாலம் திறந்தார்கள். ஃபேன் மோட்டார் எம்மாத்திரம்?

உப்பின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி பிரச்சினை புரியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றில் இருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரையும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடி கசிகிறதே, அதேதான். ஃபில்டரில் படிந்த உப்பும் இரவில் கசியும், பகலில் காயும். ஒருமுறை ஏர்வாடிப் பக்கம் இரண்டு மாதம் ஓடிய ஃபில்டரைக் கழற்றினேன். பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. தூக்கினால் கனம். மடிப்பில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன், கருவாட்டுத் தண்ணீர் மாதிரி கரித்தது. பின்னால் இருந்த ஃபேன் கிரில்லின் நான்கு ஸ்க்ரூவும் செம்மண் நிறத்தில் உதிர்ந்தன.

எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியது: உடம்பு பிளாஸ்டிக் அல்லது கெட்டித் தெர்மகோல் வகை, தகரம் வேண்டாம். வெளியே தெரியும் ஸ்க்ரூ, கிளாம்ப், மெஷ் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ். 304 என்பதும் நம் கரையில் துருப்பிடிக்கும். குழாய் பிவிசி, சுருங்கி விரியும் அலுமினியக் குழாய் வேண்டாம். மோட்டார் சர்க்யூட் போர்டுக்கு மேல் பூச்சு உண்டா என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் கம்பெனியிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

அலை உடையும் இடத்தில் இருந்து சில நூறு மீட்டர் உள்ளே வந்தாலே உப்பு வேகமாகக் குறையும். உச்சிப்புளி உள்பக்கத்துக்குச் சொல்வதும் வாலிநோக்கம் கரைக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது.

காற்று எடுக்கும் மூக்கை எந்தச் சுவரில் வைப்பது?

உங்கள் ஊருக்கு எந்தக் காற்று எப்போது கடலோடு வருகிறது என்று பாருங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்றால் தென்மேற்குக் கச்சானில் சாரல் வரும். மூக்கை வடக்கு அல்லது கிழக்குச் சுவரில் வையுங்கள். பாக் விரிகுடாப் பக்கம், தேவிபட்டினம், தொண்டி என்றால் வாடைதான் வில்லன். தெற்குச் சுவர் நல்லது. அந்தக் கடல் ஆழமில்லாத அமைதியான கடல், அலை குறைவு, உப்பும் கொஞ்சம் குறைவு. மண்டபம், பாம்பன்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கடல். ஒளிய இடமில்லை, ஆழமான சன்ஷேடுக்கு அடியில், வாய் கீழே பார்க்க வையுங்கள்.

ஏசியின் வெளிப்பெட்டி, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய், சமையலறைப் புகை வெளிவரும் இடம், இவற்றில் இருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். ஜெனரேட்டரில் இருந்து இருபதடிக்கும் மேல் தள்ளி வையுங்கள்; அந்த விஷயத்தில் விளையாட வேண்டாம், அந்தப் புகை உயிரை எடுக்கும். மொட்டைமாடித் தரைக்கு மேலிருந்தும் எடுக்காதீர்கள், பகலில் அது அடுப்பு. குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருந்தால் ஐப்பசி மழை உள்ளே வராது. மெஷ் கட்டாயம், கொசுவைவிடக் குளவிக்காக. சும்மா கிடந்த குழாயில் மண் கூடு கட்டி, ஃபேன் போட்ட அன்று மண்ணும் புழுவுமாக உள்ளே கொட்டிய வீடு ஒன்று உண்டு.

சமையலறைக் குழாயையும் ஈஆர்வியில் சேர்க்கலாமா?

கூடாது. எண்ணெய்ப்பிசுக்கு சவ்வைக் கொன்றுவிடும். சமையலறைக்குத் தனி எக்ஸாஸ்ட், தனி ஜன்னல். வெளியே குழாய் இல்லாத சிம்னி வாங்கியிருந்தால் அது மீன் பொரித்த மணத்தைக் கொஞ்சம் வடிகட்டி உங்களிடமே திருப்பித் தரும். கேஸ் அடுப்புப் புகையும் ஈரமும் அங்கேயே நிற்கும்.

பக்கத்தில் கருவேலங்கரி மூட்டம் போடுகிறார்கள். கருவாட்டுக் களமும் இருக்கிறது. ஃபில்டர் பிடிக்குமா?

புகையின் நுண்துகளை எஃப்7 வகை ஃபில்டர் பெருமளவு பிடிக்கும். அதற்கு முன்னால் கழுவக்கூடிய ஜி4 ஒன்று வையுங்கள், மணலையும் உப்பையும் அது வாங்கிக்கொள்ளும். வாசனை வாயு; துகள் ஃபில்டரில் நிற்காது. அதற்குத் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கார்பன் தட்டு வேண்டும். கரிமூட்ட வாசனையைப் பிடிக்க இன்னொரு கரி! கருவாட்டு மணத்துக்கு அந்தத் தட்டு சீக்கிரம் நிறைந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டம் பிரிக்கும் நாளில் மிஷினை நிறுத்திவைப்பதே எளிது.

ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதாதா? செடி வைத்தால்?

பியூரிஃபையர் தூசியைக் குறைக்கும், கார்பன் டை ஆக்ஸைடைக் குறைக்காது. செடி அழகுக்கு வையுங்கள்.

கரண்ட் போனால்?

ஜன்னலைத் திறங்கள். சப்ளை ஃபேனை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தாலும் தாங்கும், சின்ன லோடுதான்.

கட்டி முடித்த வீடு. இப்போது முடியுமா?

ஒற்றை அறை சப்ளை ஃபேனுக்கு ஒரு கோர் கட்டிங் துளை, அரை நாள் வேலை. பீம், தூண் எங்கே என்று பார்த்துத் துளை போட வேண்டும். வீடு முழுக்க ஈஆர்வி என்றால் வராந்தா சீலிங்கை இறக்கி அதற்குள் குழாய் ஓட்டலாம், எட்டங்குலமாவது உயரம் போகும். ஒன்பதடி சீலிங் வீட்டில் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவது? மெக்கானிக் வரணுமா?

ஜி4-ஐ மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில். ஊரில் பல போர்த் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பைப் போக்க உப்பு போட்ட மாதிரி. ஒரு வாளி குடிதண்ணீர் ஒதுக்குங்கள், நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். எஃப்7-ஐக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். கரையோர வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் நான் விடுவதில்லை. மாட்டிய தேதியை மார்க்கரில் அதன் ஓரத்திலேயே எழுதுங்கள். ஆள் வரத் தேவையில்லை, ஆனால் ஸ்டூல் போட்டு ஏறாமல் கையெட்டும் உயரத்தில் ஃபில்டர் பெட்டியை வைக்கச் சொல்லுங்கள். எட்டாத ஃபில்டரை யாரும் கழுவுவதில்லை.

முதல் கேள்வி கேட்ட மண்டபத்து அக்கா, மகன் அறைக்கு மட்டும் சின்ன சப்ளை ஃபேன் வாங்கினார். போன மாதம் போனபோது ஃபில்டர் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தேதி எப்படி ஞாபகம் வைக்கிறீர்கள் என்றேன். "அமாவாசைக்கு அமாவாசை தம்பி. அன்னிக்குத்தான் தலைக்கு ஊத்துறது, அதோட இதுக்கும் ஊத்திர்றேன்" என்றார்.